செவலைக்குப் போட்ட தையல்

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தார். விடியுமுன் எழுந்து கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நடந்து, பாசஞ்சர் பிடித்து மணியாச்சிக்குப் போவார். இருட்டிய பிறகுதான் வருவார். வெயில் வெளிச்சத்தில் நான் அவர் முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அன்றும் கோயிலுக்குப் போய்வந்து, கறிச்சோறு தின்று, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பொழுது சாய்ந்திருக்கும். மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க வீட்டில் நானும் தையல் மிஷினும்தான். பின்வாசலில் ஏழெட்டுக் கோழிகள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம் அவர் காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். தண்டவாளத்தை நெம்பித் தூக்கும்போது அது நழுவி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பாதத்திலிருந்து தொடை வரைக்கும் கட்டுப்போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முதல் சில நாட்கள் கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தே கொண்டுபோன ஆயுசு. வீட்டிலும் கையெட்டும் தூரத்தில் இருக்கிற எதையாவது விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். கட்டில் சட்டத்தைத் தட்டினார், சுவரைத் தட்டினார், மாவுக்கட்டையும் தட்டினார். எனக்குத் தாங்கவில்லை. ஒயர் பின்னிய நாற்காலியைப் பின்வாசலில் முருங்கை மரத்தடியில் போட்டு, காலை நீட்டிக்கொள்ள முன்னால் ஒரு முக்காலியும் வைத்து, கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

அதிலிருந்துதான் அவருக்குக் கோழிகள் கண்ணில் பட்டன. அதற்குமுன் எங்கள் வீட்டில் எத்தனை கோழி இருக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. குழம்பில் கிடந்தால் கோழி என்று தெரியும், அவ்வளவுதான். இப்போது டீ கொண்டுபோய்க் கொடுத்தால் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கறுப்பு எதைக் கண்டாலும் பயந்து ஓடுகிறது, சேவல் தான் கொத்தாமல் பெட்டைகளைக் கூப்பிட்டுத் தின்னவைக்கிறது, செவலைக்கு மட்டும் மனுசரைக் கண்டு பயமில்லை என்றார். எனக்கு எல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் சொல்லக் கேட்கப் பிடித்திருந்தது.

செவலை நல்ல வளர்த்தியான பெட்டை. உடம்பு செங்கல் நிறம், வால் மட்டும் கறுப்பு. அது அவர் நாற்காலியை விட்டு நகராது. அவர் தின்கிற வறுத்த கடலையில் பாதி அதற்குப் போகும். மாவுக்கட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்க்கும். அவரும் அதைப் பார்ப்பார். நான் மிஷினை மிதித்துக்கொண்டே கதவு வழியாக இரண்டு பேரையும் பார்ப்பேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு வேலை குவிந்து கிடந்தது. புதியம்புத்தூரிலிருந்து வேனில் வெட்டிய துணி வந்து இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கான கவுன். பச்சையிலும் ரோஸிலும் லேஸ் வைத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். தைப்பதைவிடத் தைத்த பிறகு பிசிறு வெட்டுவதுதான் பெரிய இம்சை. ஒவ்வொரு கவுனிலும் பத்திருபது இடத்தில் நூல் நுனி தொங்கும். ஒருநாள் அவரே, அதை இங்கன கொண்டா, நான் வெட்டுகிறேன் என்றார். சின்னக் கத்திரியும் ஒரு கட்டுக் கவுனும் கொடுத்தேன். அவ்வளவு பெரிய கைகளுக்குள் அந்தக் கவுன் கைக்குட்டை அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் ஒரு நூலை விடாமல் பார்த்துப் பார்த்து வெட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது அதுதான் முதல் தடவை.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை டீ வாங்கிக்கொண்டே சொன்னார்.

“இங்கேரு, செவலைக்கு என்னமோ செய்யுது.”

எட்டிப் பார்த்தேன். சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. கழுத்தை உள்ளே இழுத்து, இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்து மாதிரி நின்றது. அடைக்கு உட்காரப் போகிற கோழி அப்படித்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டு நான் மிஷினுக்குத் திரும்பினேன்.

“அடைக்கு உக்காருற கோழி கண்ண மூடிக்கிட்டா நிக்கும்?” என்றார் பின்னாலிருந்து.

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். குருணையை இறைத்தால் எல்லாக் கோழியும் விழுந்தடித்து வந்தன. செவலையும் வந்தது, ஒரு மணியை எடுத்தது, கீழே போட்டது, தலையை உதறியது, பழையபடி சுவரோரம் போய்விட்டது. ஆனால் தண்ணீர்ச் சட்டியில் மட்டும் அடிக்கடி வாயை வைத்தது. கொண்டையின் சிவப்பு மங்கியிருந்தது. முட்டையிட்டும் சில நாளாகியிருந்தது.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, பருத்திக்காடாக இருந்து பிளாட்டு போட்ட இடத்தில் இருந்தது. அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரே வீடு. ஆடு வளர்க்கிற குடும்பம். அந்த வீட்டுக்காரர் ஆட்டை ஓட்டிக்கொண்டு காடுகாடாய்க் கிடை போடப் போய்விடுவார். வீட்டில் அவர் மனைவி மட்டும் இருப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். என்னிடமிருந்து கோழிமுட்டை அங்கே போகும், அங்கிருந்து ஆட்டுப்பால் இங்கே வரும். ஆடு கோழிக்கு ஒன்று என்றால் அவளைத்தான் கூப்பிடுவேன்.

மதினி வந்து செவலையைத் தூக்கினாள். கண்ணைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“இத மத்ததோட விடாதீங்க மதினி. கழிச்சலா இருந்தா ஒண்ணு மிஞ்சாது” என்றாள்.

வெள்ளைக்கழிச்சல் என்றால் எனக்குக் குலை நடுங்கும். ஒரு கோடையில் கூட்டில் இருந்த அத்தனையும் ஒரே வாரத்தில் விழுந்து, வெறும் கூட்டைக் கழுவி வைத்தவள் நான். உடனே செவலையைத் தனியாக விட்டு மேலே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தேன். மதினி சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்து உருண்டை பிடித்தாள். நான் அலகைத் திறக்க, அவள் உள்ளே தள்ளினாள். செவலை விழுங்கிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வெறுப்பாகப் பார்த்தது.

அவர் நாற்காலியில் இருந்தபடி பஞ்சாரத்தை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னார். கையில் ஒரு முருங்கைக் குச்சி. அது போடுகிற எச்சத்தையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்க்கத் தொடங்கினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன். யார் வரப்போகிறார்கள் என்றார். மத்தியானம் சோறு போடும்போது அவர் சொன்னதெல்லாம் அதைப் பற்றித்தான். வெள்ளையாக இல்லை, பச்சையாக, தண்ணீராக இருக்கிறது, அதுவும் துளித்துளியாகத்தான் வருகிறது, நிறையப் போனால்தானே கழிச்சல், இது ஒன்றும் போகவே இல்லையே என்றார். சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்று நான் எழுந்து போய்விட்டேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்ற கோழிகள் எல்லாம் கொழுக்கென்று திரிந்துகொண்டிருந்தன. கழிச்சல் என்றால் இதற்குள் இன்னொன்றாவது சுருண்டிருக்க வேண்டும்.

மறுநாள் மதினி இன்னொன்று சொன்னாள். முட்டை உள்ளே குறுக்கே நின்றுகொண்டாலும் கோழி இப்படிச் சுணங்கும். வெந்நீரில் உட்காரவைத்தால் நெகிழ்ந்து வெளியே வரும். துணி ஊறவைக்கிற அகலச் சட்டியில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி, செவலையைத் தூக்கி உட்காரவைத்தோம். துள்ளும் என்று நினைத்து இரண்டு பேரும் இறுக்கிப் பிடித்திருந்தோம். அது துள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைச் செருகி, தலையை என் முழங்கையில் சாய்த்துக்கொண்டது. அப்படியே தூங்கிவிட்டது. பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நாங்கள் மாற்றி மாற்றி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். கால் முறிந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மதினி விரலில் எண்ணெய் தடவிச் சோதித்தும் பார்த்தாள். முட்டை எதுவும் இல்லை.

ஈரத்தோடு விட்டால் குளிரும் என்று பழைய துண்டில் சுற்றி அதை அவர் மடியில் வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் மடியிலேயே இருந்தது. அவருடைய விரல்கள் சும்மா இருக்காதே. தலையைத் தடவினார், முதுகைத் தடவினார், கழுத்துக்குக் கீழே நெஞ்சை மெல்லத் தட்டினார். தட்டியவர் நிறுத்தி, மறுபடி தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். கோழி தின்றதெல்லாம் முதலில் போய்ச் சேருகிற பை கழுத்தடியில் இருக்கும். எங்கள் பக்கம் இரைப்பை என்போம். அது எலுமிச்சம்பழம்போலப் புடைத்து, கெட்டியாக இருந்தது. தின்றிருக்கும், அதுதான் என்றேன்.

“எங்க தின்னுது? நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார்.

ராத்திரி அதற்குத் தண்ணீர் தவிர எதுவும் வைக்க வேண்டாம் என்று சொன்னார். கறுப்புக் கோழியையும் பிடித்து வரச் சொல்லி அதன் கழுத்தடியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காலையில் நான் பல் விளக்குவதற்குள் இரண்டையும் பிடித்துவரச் சொன்னார். கறுப்பின் இரைப்பை வெறும் பையாகத் தொங்கியது. செவலையுடையது முந்தின சாயங்காலம் போலவே, அதே பருமனில், அதே கெட்டியில் இருந்தது.

“ராத்திரி பூரா ஒரு மணி தின்னல. ஆனாலும் பை இம்புட்டு இருக்கு. உள்ள போனது கீழ இறங்கல. இங்கனதான் அடைச்சிருக்கு” என்றார்.

எனக்கு அது சரியென்று பட்டது. வெந்நீரும் மிளகும் கொடுத்து நாங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒயர்க்கூடையில் சாக்குத் துணியை விரித்து, செவலையை உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி துண்டால் மூடி, பஸ் பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா சந்தைக்கா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மாடும் ஆடுமாக நின்றன. கோழியோடு நின்றது நான் ஒருத்திதான். டாக்டர் இளவயசுக்காரர். நான் நடந்ததைச் சொல்லச் சொல்லவே கழுத்தடியில் கையை வைத்துவிட்டார். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள், யார் பார்த்தது என்று கேட்டார். எங்க வீட்ல, கால் ஒடிஞ்சு உக்காந்திருக்காவ என்றேன். சிரித்தார். புல்லோ நாரோ உருண்டு அடைத்திருக்கும் என்றார். நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வாயோரமாக விட்டு, பையை மெல்லப் பிசைந்து கொடுத்துப் பாருங்கள், இளகினால் தானாக இறங்கிவிடும். இளகாவிட்டால் நாளைக்குக் கொண்டுவாருங்கள், பையைக் கிழித்து எடுத்துவிட்டுத் தைத்துவிடலாம் என்றார்.

தைப்பது என்றதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எந்த நூலால் தைப்பீர்கள், என்ன தையல் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் என் விரலைப் பார்த்தார். ஊசி ஏறிக் காய்த்துப்போன விரல். தையல் வேலையா பாக்குதீங்க என்றார். ஆமென்றதும் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மேல்தோல் ஒன்று, உள்ளே பை ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடக் கூடாது. பையைத் தனியாக, நெருக்கமாகத் தைக்க வேண்டும். தோலைத் தனியாக, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சாகப் போட வேண்டும். ரத்தக்குழாய் ஓடுகிற இடத்தை விட்டுவிட்டுக் கிழிக்க வேண்டும். கவுனுக்கு உள்துணி வைத்துத் தைப்பதுபோல என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டது தொழில் ஆசையில்தான். நானே செய்வேன் என்று அப்போது நினைக்கவே இல்லை.

அன்று முழுக்க எண்ணெய் விட்டுப் பிசைந்தோம். அவர் பிசைவார், நான் இங்க் பில்லரால் எண்ணெய் விடுவேன். செவலையின் வாயிலிருந்து புளித்த மாவு வாடை வந்தது. கட்டி கொஞ்சம் நெகிழ்கிற மாதிரி இருக்கும், மறுபடி இறுகிவிடும்.

அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. நாங்களெல்லாம் காத்திருந்த மழைதான். ஆனால் விடிந்து பார்த்தால் மெயின் ரோட்டுக்குப் போகிற பாதை முழுக்கக் கரிசல் களியாகிக் கிடந்தது. அதில் கால் வைத்தால் செருப்பு மண்ணுக்குள் போய்விடும். செருப்பைக் கழற்றி நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பிக்கொண்டு வரும். மழையும் விடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஒருதரம் வழுக்கி உட்கார்ந்து, சேலையெல்லாம் சேறாகத் திரும்பி வந்தேன். செவலைக்குத் தலை நிற்கவில்லை. தண்ணீர் குடிப்பதையும் விட்டிருந்தது.

மதினி தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

“உயிரு இருக்கையிலே அறுத்துக் கொழம்பு வச்சிருங்க மதினி. செத்துப் போச்சுன்னா ஒண்ணுத்துக்கும் ஆகாது” என்றாள். அவள் சொன்னதில் கெடுதி ஒன்றுமில்லை. கோழி வளர்க்கிற எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

“அது கறிக்கில்ல மதினி” என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகிற மனிதர் சொன்னது. மதினி என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குல்லா?” என்றார்.

“இருக்கு. ஆனா துணி கெட்டுப்போனா பிரிச்சுத் தைக்கலாம். இது அப்படியா?”

“சும்மா விட்டாலும் போயிரும். நீ தைய்யி. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

வாசற்கதவுப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழுந்தது. மிஷின் பலகையைத் துடைத்து அங்கே போட்டேன். ஊசி, வெள்ளை நூல், புது பிளேடு எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து, செவலையை மல்லாத்தித் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மதினி தலைப்பக்கம் நின்று அதன் கண்ணைத் துணியால் மூடினாள். திட்டிக்கொண்டேதான் நின்றாள், ஆனால் போகவில்லை.

கழுத்தடியில் இருந்த இறகைப் பிய்த்து எடுத்து மஞ்சள் தண்ணீரால் துடைத்தேன். பிளேடை எடுத்து, கிழிக்க வேண்டிய இடத்தை இன்னொருதரம் விரலால் தடவிப் பார்த்தேன். மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டேன். தோலைக் கிழித்தேன், கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். நான் பயந்த மாதிரி ரத்தம் கொட்டவில்லை. செவலை ஒருதரம் உதறியது, அப்புறம் அடங்கிவிட்டது. உள்ளே பை வெளிறித் தெரிந்தது. சிவப்புக் கோடு ஓடாத இடமாகப் பார்த்து அதையும் கிழித்தேன். எண்ணெயும் புளித்த தண்ணீருமாக வழிந்து வாடை மூக்கைத் துளைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். ரயிலடியில் எதையெதையோ பார்த்துப் பழகிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். ஆனால் பிடித்த பிடி தளரவில்லை.

விரலை விட்டு மெல்ல இழுத்தேன். முதலில் கொஞ்சம் புல் வந்தது. பிறகு ஏதோ கயிறு மாதிரி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பொதி முழுசாக வெளியே வந்து பலகையில் விழுந்தது. மதினி அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். அழுக்குப் போனதும் நிறம் தெரிந்தது. பச்சை நூலும் ரோஸ் நூலும்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“இது நான் வெட்டிப் போட்ட நூலுல்லா” என்றார்.

மற்ற கோழிகளுக்கு ஒன்றும் ஆகாமல் இதற்கு மட்டும் ஏன் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. மற்றவை குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தன. இது ஒன்றுதான் நாள் முழுக்க அவர் காலடியில் கிடந்தது. மேலேயிருந்து விழுவதெல்லாம் கடலை என்று நினைத்து ஒவ்வொரு நூலாகப் பொறுக்கித் தின்றிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கூட்டிப் பெருக்காமல் விட்டது நான்தான் என்றேன். அவர் ஒரு கையை நகர்த்தி செவலையின் காலைத் தடவிக்கொடுத்தார். பிடியை விட்டுராதீங்க, இன்னும் தைக்கணும் என்று நான் சத்தம் போட வேண்டியிருந்தது.

உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரால் பையைக் கழுவினேன். தைக்க ஆரம்பித்ததும் என் பயம் போய்விட்டது. ஊசி கைக்கு வந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான். பையின் ஓரத்தை உள்ளே மடித்து, நெருக்கமாகச் சின்னச் சின்னத் தையல் போட்டேன். ஈரப் பட்டில் தைப்பதுபோல வழுக்கியது. பிறகு தோலைச் சேர்த்து, ஒவ்வொரு தையலாக முடிச்சுப் போட்டேன். பிசிறை வெட்டி உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். கீழே போட மனம் வரவில்லை. மேலே மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவி, துண்டோடு ஒரு கூடையில் வைத்தோம். மதினி தையலைக் குனிந்து பார்த்துவிட்டு, என் ரவிக்கைக்குக்கூட இம்புட்டு நல்லாத் தைக்கலையே மதினி நீங்க என்றாள்.

அன்று முழுக்கத் தண்ணீரும் குளுக்கோஸும்தான். இருட்டுகிறவரை அவர் கூடையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் தயிரை விரலில் தொட்டு அலகோரம் வைத்தார். முதலில் வழிந்தது. பிறகு நாக்கு அசைந்தது. அதற்கடுத்த நாள் அவர் விரலையே சேர்த்துக் கொத்தியது. வலிக்கவில்லையா என்றேன், நன்றாகக் கொத்தட்டும் என்றார். ஒருநாள் காலை நான் அடுப்படியில் நிற்கும்போது பின்னாலிருந்து அவர் அழைத்த அழைப்பில் காலை ஊன்றிவிட்டாரோ என்று பதறி ஓடினேன். கூடைக்குள் நல்ல கெட்டியான எச்சம். அதைக் காட்டுவதற்குத்தான் கூப்பிட்டிருந்தார். அடைப்பு விட்டு வழி திறந்துவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாதை காய்ந்ததும் செவலையைக் கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தையலைத் தடவிப் பார்த்தார். புண் சீழ் வைக்காமல் இருக்க மாத்திரை கொடுத்தார். குழைந்த சோறு இன்னும் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள், தானியம் பிறகு போடலாம் என்றார். நான் கிளம்பும்போது பையைத் தனியாகத்தான் தைத்தீர்களா என்று கேட்டார். தனியாகத்தான், ஓரம் மடித்து என்றேன். நான் சொன்னதைக் கேட்டு இப்படி ஒருத்தர் செய்வார் என்று தெரிந்திருந்தால் இன்னும் விவரமாகச் சொல்லியிருப்பேனே என்றார்.

அதற்குப் பிறகு பிசிறு வெட்டும்போது அவர் மடியில் ஒரு அரிசிச் சாக்கை விரித்துக்கொள்வார். ஒரு நூல் கீழே விழுந்தாலும் என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். தீபாவளிக் கவுனெல்லாம் வேனில் ஏறிப் போயின. கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தபோது செவலை தோட்டத்தில் திரிந்துகொண்டிருந்தது. கழுத்தடியில் பிய்த்த இடத்தில் புது இறகு முளைத்து, அங்கே மட்டும் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. மகளை உட்காரவைத்து அவர் முழுக் கதையையும் சொன்னார். அவர் சொன்னதில் அவர் கண்ணை மூடிக்கொண்ட இடம் மட்டும் இல்லை. நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்து, கம்பு ஊன்றி நடந்து, கம்பையும் விட்டு, தை பிறந்து கொஞ்ச நாளில் அவர் வேலைக்குக் கிளம்பினார். அந்த வாரம்தான் செவலை மறுபடியும் முட்டையிடத் தொடங்கியிருந்தது. முட்டைகளை எடுத்துச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தார். அடை வைக்க வேண்டுமாம். முதல்நாள் விடியுமுன் டிபன்பாக்ஸைக் கட்டிக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பின்வாசலுக்குப் போனார். இருட்டில் கூட்டுக் கதவைத் தொட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது.

“வாரேன். நேரத்துக்குத் திறந்து விட்டுரு” என்றார்.

கோழிக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் அவர் நடந்து போவதை, டார்ச் வெளிச்சம் மறைகிறவரை நின்று பார்த்தேன். கொஞ்சம் விந்தித்தான் நடந்தார். அன்று பகலில் மிஷினை மிதிக்கும்போது கதவு வழியாக ஒயர் நாற்காலி வெறுமனே தெரிந்தது. எனக்குத்தான் வீடு பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் நாற்காலியை எடுத்து உள்ளே போடப் போனபோது செவலை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் அதை எடுக்காமல் விட்டுவிட்டேன்.